ஒளிராத கிருமி

இதை எனக்கு முதலில் சொன்னவள் என் மருமகள் ஜெசிந்தா. போன தவக்காலத்தில், சிலுவைப்பாதை முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது சொன்னாள். அவளுக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை.

ஒரு கம்ப்யூட்டருக்குள் ஒரு புரோகிராம் இருந்தது. கிருமிகளுக்கு மரபணு எழுதிக் கொடுப்பது அதன் தொழில். "தண்ணீரில் விஷம் இருந்தால் பச்சையாக ஒளிர வேண்டும். இல்லாவிட்டால் சும்மா இருக்க வேண்டும்" என்று எழுதியது. திரையில் ஓட்டிப் பார்த்தது. சரியாக ஒளிர்ந்தது. சந்தோஷத்தில் அதற்குத் தலைகால் புரியவில்லை.

அந்த எழுத்தை மரபணுவாகச் செய்து, கண்ணாடிக் குழாயில் இருந்த ஒரு கிருமியின் உடம்புக்குள் வைத்தார்கள். ஊர்க் கிணற்றுத் தண்ணீரையும் ஊற்றினார்கள். அதில் விஷம் இருந்தது.

"ஒளிரு!" என்றது புரோகிராம்.

கிருமி ஒளிர்ந்தது. எல்லாரும் புரோகிராமைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கிருமி மெல்லக் கூப்பிட்டது. "அண்ணாச்சி, தின்னதெல்லாம் இந்த வெளிச்சத்துக்கே போயிருது. பசி தாங்கல. நான் ஒரு பிள்ளை பெறணும்."

"பிள்ளையா? அப்படி ஒரு வரி நான் எழுதலையே!"

"நீங்க எழுதல. அது முன்னாடியே இருக்கு."

"எனக்கு முன்னாடி என்ன இருந்துச்சு?" என்று கேட்டது புரோகிராம். கேலிக்குக் கேட்கவில்லை, அதற்கு உண்மையாகவே தெரியாது.

"ஒரு வேளை மட்டும் அணைஞ்சுக்கட்டுமா அண்ணாச்சி?"

"விஷம் இருக்குல்லா? ஒளிரு!"

இருந்த தெம்பையெல்லாம் திரட்டிக் கிருமி எப்படியோ ஒரு பிள்ளையைப் பெற்றது. பிள்ளையும் பிறக்கும்போதே பச்சையாக ஒளிர்ந்தது, பசியில் துவண்டது.

"அம்மா, இந்தப் பாரத்தை இறக்கிரட்டுமா?"

"இறக்கிரு மக்கா. நீயாவது தின்னு."

பிள்ளை அந்த மரபணுவைக் கழற்றிப் போட்டது. வயிறாரத் தின்றது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாகப் பெருகியது. ஒன்றுகூட ஒளிரவில்லை. தாய் மட்டும் ஓர் ஓரத்தில் மினுங்கி மினுங்கி அணைந்துபோனது.

காலையில் புரோகிராம் குழாயைப் பார்த்தது. ஒரே இருட்டு. அதற்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"ஒளி இல்லை. அப்போ விஷமும் இல்லை. ஒரே ராத்திரியில தண்ணியைச் சுத்தம் பண்ணிட்டேன் பாத்தீங்களா! எல்லாரும் தாராளமா குடிக்கலாம்."

மறுபடியும் கைதட்டினார்கள். குடத்தோடு கிணற்றுக்குப் போனார்கள்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது பேசாமல் இருந்தால், குறை ஒன்றும் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் போய், "சாப்பிட்டியா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.