செத்த முயலின் ரத்தக்குழாய்

"மேடம், கூட இருந்தே குழி பறிக்கிறவனை என்ன செய்யணும்?"

கேட்டவர் ஞானதுரை. இதய டாக்டர். ஐம்பது வயதுக்கு மேல் திசு ஆய்வு கற்றுக்கொள்ள ஜரீனாவிடம் வந்து சேர்ந்தவர். ஆசிரியைக்கு அவரைவிட வயது குறைவு. கோபத்தில் மட்டும் ஞானதுரைதான் இளையவர்.

ஜரீனா மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"யாரு அது?"

"ரத்தக்குழாய்ச் சுவர்ல இருக்கிற தசைச் செல்தான். சுவரைச் சுருக்கி விரிக்கிறதுதான் அதுக்கு வேலை. உள்ளே கொழுப்பு சேர்ந்து அழற்சி வந்தா, இருந்த இடத்தை விட்டுட்டு அங்க போயிடுது. பெருகுது. கொழுப்பைத் தின்னுட்டு அழற்சிய இன்னும் கிளப்பி விடுது."

"சரி."

"அதைக் கொல்ல மருந்து கண்டுபிடிச்சிட்டேன். ரத்தக்குழாய்ல அடைப்பு வரவச்ச முயல்களுக்குப் போட்டேன். அடைப்பு நல்லாவே குறைஞ்சிருச்சு."

ஞானதுரையின் இதயத்திலும் ஒரு குழாய் பாதி அடைத்திருந்தது. ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்த ரகசியம் அது.

"நாளைக்கு நானே அந்த ஊசியைப் போட்டுக்கப் போறேன்," என்றார்.

ஜரீனா இப்போதுதான் நிமிர்ந்தார். பயந்துவிட்டார். அதை மறைக்கவும் இல்லை.

"எல்லா முயலும் பிழைச்சுதா?"

"சிலது நடுவுலயே செத்துப்போச்சு. கடைசி வரைக்கும் இருந்ததைத்தான் வெட்டிப் பார்த்தோம். அதுதானே வழக்கம்?"

வழக்கம் என்று சொல்லிவிட்டால் படித்தவர்களுக்கு ஒரு நிம்மதி வந்துவிடுகிறது.

ஜரீனா எழுந்துபோய் ஃப்ரீசரைத் திறந்தார். செத்த முயல்கள் அப்புறப்படுத்தப்படாமல் கிடந்தன. ஒன்றை எடுத்து வந்து ஞானதுரை முன்னால் வைத்தார்.

"வெட்டுங்க."

ரத்தக்குழாயை வெட்டி, கண்ணாடியில் ஒட்டி, சாயமேற்றி முடிக்க மாலையாகிவிட்டது. ஞானதுரை குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"என்ன தெரியுது?"

"கொழுப்பு குழாய்க்குள்ள கொட்டியிருக்கு. அதுல ரத்தம் உறைஞ்சு மொத்தமா அடைச்சிருக்கு."

"கொழுப்பு மேல ஒரு மூடி இருக்கணுமே?"

"கிழிஞ்சிருக்கு."

"அந்த மூடியைக் கட்டுறது யாரு?"

ஞானதுரை மறுபடி குனிந்தார். கண்ணாடியை மெல்ல நகர்த்தினார். தசைச் செல்கள் கொஞ்சம் மிஞ்சியிருந்த பக்கம் மூடி கெட்டியாக இருந்தது. இன்னும் நகர்த்தினார்.

"எந்த இடத்துல கிழிஞ்சிருக்கு, டாக்டர்?"

ஞானதுரை தலையைத் தூக்கவில்லை.

"மருந்து நல்லா வேலை செஞ்ச இடத்துல."