கோமதியின் கூரைச் சன்னல்

தென்காசிக்கு மேற்கே, சாரல் விழும் ஓர் ஊரில் ஒரு சின்ன மடம் இருந்தது. அதை நடத்தியவர் வடிவம்மை. வயது நாற்பதைத் தாண்டியிருக்கலாம். அவரிடம் பாடம் கேட்க வருகிறவர்களில் சிவசைலம் ஒருநாளும் தவறாதவர். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிடச் சீடருக்கு இருபது வயதுக்கு மேல் கூடுதல். சீடர் குருவை 'அம்மா' என்பார். குரு சீடரை 'அண்ணாச்சி' என்பார். புதிதாக வருகிறவர்கள், இதில் யார் யாருக்குக் குரு என்று கொஞ்ச நேரம் முழிப்பார்கள்.

காலமெல்லாம் ரயில் சத்தத்தில் இருந்ததால் சிவசைலத்துக்குக் காது மந்தம். அதனால் உலகத்துக்கே காது மந்தம் என்று நினைத்துக்கொண்டு உரக்கப் பேசுவார். அவர் தியானத்தில் உட்கார்ந்தால்கூடத் தெருவுக்குத் தெரியும். அப்படி ஒரு பெருமூச்சு. ஆனாலும் நல்ல மனிதர். அவரிடம் கோபித்துக்கொள்வது கஷ்டம்.

ஒரு காலையில் அவர் கையில் வழவழப்பான படப் புத்தகங்களோடு வந்தார். வடிவம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"ஆத்மாவைப் பத்தியா?"

"சன்னலைப் பத்தி."

"அப்ப உக்காருங்க. அது அவசரம்."

சிவசைலம் உட்கார்ந்தார். அவருடைய மனைவி கோமதிக்கு ஆடி மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. ஆனால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைப்பதே பெரும்பாடு. மீதி நேரமெல்லாம் படுக்கைதான். வீடோ நீளமான, ஒடுக்கமான வீடு. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். கோமதி படுத்திருந்த நடு அறையில் பகலிலும் விளக்குப் போட வேண்டும்.

"பின்னால கிணத்தடியில ஒரு ரூம் எடுக்கேன். பக்கத்துலயே பாத்ரூம். படி கிடையாது. அங்கயும் பக்கத்துச் சுவர்ல சன்னல் வைக்க முடியாது. அதான் கூரையில வைக்கலாம்னு."

"நல்ல காரியம்."

"நாளைக்கு மேஸ்திரி வந்து சுண்ணாம்புக் கோடு போடுதாரு. இன்னைக்குச் சன்னலுக்கு அட்வான்ஸ் கொடுக்கணும்." புத்தகத்தை விரித்தார். "இது அசையாத கண்ணாடி. வெளிச்சம் மட்டும் வரும். இது கம்பு வச்சுத் திறக்குறது. காத்தும் வரும். இதைப் பாருங்கம்மா, மோட்டார் வச்சது. படுத்த இடத்துல இருந்தே ரிமோட்டை அமுக்கலாம். மழைத்துளி பட்டா தானா மூடிக்கும்!"

"கெட்டிக்காரச் சன்னல்தான். விலை?"

"கூடுதல்தான். டைல்ஸைக் குறைச்சேன். பத்தலை. அப்புறம் ரூம் அகலத்துல மூணு அடியைக் குறைச்சேன். சரியாப் போச்சு."

வடிவம்மை கீரைக்காம்பு ஒன்றைக் கிள்ளிப் போட்டார். "பிறகு என்ன சந்தேகம்?"

சிவசைலத்தின் குரல் அன்றைக்கு முதன்முறையாகத் தணிந்தது.

"கோமதி அங்க போகமாட்டேங்கா."

"ஏன்?"

"சொல்ல மாட்டேங்கா. 'பழைய சாமானைப் பின்னால கொண்டு போடுத மாதிரி என்னையும் போடுதியளா'ங்கா. அவளுக்காகத்தானம்மா இத்தனையும் செய்யுதேன். எந்தச் சன்னல் வச்சா அவ வருவான்னு நீங்கதான் சொல்லணும்."

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வடிவம்மை முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

"வாங்க அண்ணாச்சி."

சமையல்கட்டுக்குப் பின்னால் சாமான் அறை. அதற்குச் சன்னல் கிடையாது. ஓட்டுக் கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. அரிசி மூட்டைக்கும் பூசணிக்காய்க் குவியலுக்கும் நடுவில் வடிவம்மை ஒரு பாயை விரித்தார்.

"படுங்க."

"எதுக்கும்மா?"

"சன்னல் பாக்கத்தான். படுக்கிறவங்களுக்குத்தானே சன்னல்?"

சிவசைலம் படுத்தார். வடிவம்மை கதவைச் சாத்திவிட்டுக் கீரைக்குத் திரும்பினார்.

முதலில் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இரவு பெய்த சாரல் கண்ணாடியைக் கழுவி விட்டிருந்தது. ஒரு வெள்ளை மேகம் வந்தது, போனது. ஒரு கொக்கு போனது. கோமதி இதையெல்லாம் பார்ப்பாள் என்று நினைத்ததும் மனசு குளிர்ந்தது. இதற்கே இப்படி என்றால் மோட்டார் சன்னலுக்கு எப்படி இருக்கும் என்றும் ஒரு கணக்குப் போட்டார்.

அப்போது ஓர் அணில் வந்தது. வாயில் தேங்காய் நார். கூடு கட்டப் போகிறது போலிருக்கிறது. ஈரக் கண்ணாடியில் கால் வைத்ததும் வழுக்கிக்கொண்டு கீழே வந்தது. மறுபடி ஏறியது. மறுபடி வழுக்கியது. கீழேயிருந்து பார்க்க அதன் வெள்ளை வயிறும் நாலு காலும் கண்ணாடியில் அப்பிக்கொண்டு தெரிந்தன. அப்போதும் நாரை விடவில்லை.

சிவசைலம் குலுங்கிச் சிரித்தார். "ஏ கோமதி, இங்க பாரேன்!" என்று பக்கத்தில் திரும்பினார்.

பக்கத்தில் பூசணிக்காய் இருந்தது.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. அணில் எப்போது ஏறிப் போனது என்று அவர் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு வந்த மேகங்களையும் பார்க்கவில்லை. கதவு எப்போது திறக்கும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீரை கடைந்து முடித்த பிறகு வடிவம்மை வந்து கதவைத் திறந்தார்.

"என்ன பாத்திய அண்ணாச்சி?"

"அணில்."

"எப்படி இருந்துச்சு?"

"வழுக்கி வழுக்கி விழுந்துச்சு. நல்ல சிரிப்பு."

"யார்கிட்ட சொன்னிய?"

சிவசைலம் பக்கத்தில் கையைக் காட்டினார். "பூசணிக்காய்கிட்ட" என்றார்.

"அது என்ன சொல்லிச்சு?"

அவர் எழுந்து, பாயைச் சுருட்டி மூலையில் வைத்தார். படப் புத்தகங்களை மடத்திலேயே மறந்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

கோமதி நடு அறையில் விளக்கைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். சிவசைலம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அணில் கதையைச் சொன்னார். கையைக் காலாக வைத்து, அது வழுக்கியதை நடித்தும் காட்டினார். கோமதிக்குச் சிரிக்கச் சிரிக்க இடுப்பு வலித்தது.

"ஐயோ, போதும். வலிக்கு. நாரை விட்டுச்சா இல்லையா?"

"அதை நான் பாக்கலையே."

"நல்லாப் பாத்திய போங்க. முக்கியமானதைக் கோட்டை விட்டுட்டு."

இருவரும் சிரித்து ஓய்ந்த பிறகு சிவசைலம் மெல்லக் கேட்டார். "அந்த ரூமுக்கு நீ ஏன் வரமாட்டேங்குத?"

கோமதி போர்வையின் ஓரத்தைச் சுருட்டினார், பிரித்தார்.

"அங்க எத்தனை கட்டில் போடலாம்?"

"ஒண்ணுதான் கொள்ளும். அகலம் குறைச்சாச்சுல்லா."

"நீங்க?"

"நான் ஹால்ல படுத்துக்கிடுவேன். என் குறட்டையில நீ எப்படித் தூங்குவ? அதான் பெல் ஒண்ணு வைக்கச் சொல்லியிருக்கேன். நீ அமுக்கினா ஹால்ல அடிக்கும்."

"பெல்லா?" கோமதி அவர் முகத்தையே பார்த்தார். "காலம் பூரா ராத்திரி டூட்டி பாத்திய. எந்த ஊர்லயாவது என்னைக்காவது எதுவும் சொன்னேனா? பிள்ளையளை அணைச்சுக்கிட்டு நான் பாட்டுக்குக் கிடந்தேன். ரிட்டயர் ஆன அன்னைக்கு மாலையும் கழுத்துமா வந்து நின்னிய. சரி, இனிமே வீட்டுல இருப்பாருன்னு நினைச்சேன். இப்ப மறுபடி மணியடிச்சு உங்களை வரவழைக்கணுமா?"

சிவசைலம் அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவருக்கு மந்தமான காதுதான். இருந்தாலும் அதில் ஒரு வார்த்தைகூடத் தவறவில்லை.

மறுநாள் மேஸ்திரி இசக்கிமுத்து சுண்ணாம்புப் பொடியோடு வந்தார். சிவசைலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றடியில் நின்றார்.

"மேஸ்திரி, கோட்டை மூணு அடி தள்ளிப் போடுங்க."

"அளவைக் குறைச்சது நீங்கதானே அண்ணாச்சி?"

"நான்தான். இப்பக் கூட்டுதேன்."

"செலவு ஏறுமே. அப்ப அந்த மோட்டார் சன்னல்?"

"வேண்டாம். பெல்லும் வேண்டாம். அதுல மிச்சம் பிடிச்சு அகலத்துல போடுங்க."

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "அப்ப காங்கிரீட்டும் வேண்டாம். ஓடு போட்டுருவோம். வெக்கையும் இருக்காது. ஒரு கண்ணாடி ஓடு சொருகினா வெளிச்சத்துக்கு வெளிச்சம்."

உள்ளேயிருந்து கோமதியின் குரல் வந்தது. "நல்லா வழவழன்னு இருக்கிறதாப் பாத்துப் போடுங்க மேஸ்திரி. அணில் வழுக்கணும்."

மேஸ்திரிக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்காரர் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்து வைத்தார்.

சுவர் எழும்பி, கூரைக்கு மரச்சட்டம் அடித்து, ஓடு வந்து இறங்கிய அன்று சிவசைலம் மூச்சிரைக்க மடத்துக்கு வந்தார். வடிவம்மை துவைத்த துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, இன்னும் ஒரே ஒரு சந்தேகம்."

"ஆத்மாவைப் பத்தியா?"

"ஓட்டைப் பத்தி. ஆள் கூரை மேல ஏறி நிக்காங்க. ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரேன்னு ஓடி வந்தேன்."

"கேளுங்க."

"ரெண்டு கட்டில் போடுதோம். இந்தச் சுவரோட ஒண்ணு, அந்தச் சுவரோட ஒண்ணு. கண்ணாடி ஓடு ஒண்ணுதான். அவ கட்டிலுக்கு மேல வைக்கவா, என் கட்டிலுக்கு மேல வைக்கவா? நடுவுல வச்சா ரெண்டு பேருக்கும் சரியாத் தெரியாது."

"மதினி கட்டிலுக்கு மேல வைங்க."

"வைக்கேன். எனக்குச் சந்தோஷம்தான். ஆனா அணில் வந்தா எனக்குத் தெரியாதே?"

"மதினி கூப்பிடுவாங்க."

"அவ சன்னமாக் கூப்பிடுவா. எனக்குக் காது மந்தம்லா? அது காதுல விழுந்து, நான் முழிச்சு, மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டி, எந்திரிச்சு அந்தப் பக்கம் போறதுக்குள்ள அணில் ஓடிப் போயிருமேம்மா!"

மடத்துக்கே கேட்கும்படி இதைக் கேட்டுவிட்டு அவர் பதிலுக்கு நின்றார். வடிவம்மை கையிலிருந்த ஈரத் துணியைக் கொடியில் போட்டு, சுருக்கம் நீவி, ஓரம் இழுத்துவிட்டார்.

"அப்ப கட்டிலைச் சேத்துப் போடுங்க அண்ணாச்சி."