லா தம்மாவின் முனகல்

கப்பல்கள் காற்றைக் கேட்டுக்கொண்டு ஓடிய காலம் அது. கீழ்க்கடலில், சாவகத்துக்கும் அப்பால், சுலாவேசி என்று ஒரு தீவு. தீவில் ஓர் ஆறு. ஆற்றங்கரையில் சாலோபடா என்று ஓர் ஊர். அந்த ஊரில் ராஜா இல்லை, முனிவர் இல்லை, பேசும் நரியும் இல்லை. லா தம்மா என்று ஒருவன் இருந்தான். ஆண்பிள்ளைப் பெயருக்கு முன்னால் 'லா' போட்டுக் கூப்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். நம் கதைக்கு அவன் ஒருவனே தாராளம்.

அந்த ஊர் வீடுகள் எல்லாம் மரக்கால் மேல் நிற்பவை. ஆறு கரையை அரித்தாலும் சரி, மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டுக்குப் பக்கத்தில் போய் இருக்க ஆசைப்பட்டாலும் சரி, வீட்டை யாரும் பிரிக்க மாட்டார்கள். மரக்கால்களோடு மூங்கில்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுவார்கள். ஊர் ஆண்கள் அறுபது பேரும் அடியில் புகுந்து தோள் கொடுப்பார்கள். ஊர்த்தலைவர், "ஒண்ணு, ரெண்டு, தூக்கு" என்பார். கூரையும் சுவருமாக முழு வீடும் எழுந்து நடக்கும். நம் ஊரில் கல்யாண வீட்டு அண்டாவை நகர்த்த நாலு பேரைத் தேடி அலைகிறோம். அவர்கள் வீட்டையே நகர்த்திவிட்டுக் கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்வார்கள்.

வீட்டுக்காரன் மட்டும் தோள் கொடுக்க வேண்டாம். வந்தவர்களுக்குச் சோறும் சுட்ட மீனும் போடுவது அவன் பாடு. அன்றைக்கு அதிகம் பாடுபட்டவனுக்கு மீன் தலை. இதுவும் அந்த ஊர் வழக்கம்.

லா தம்மாவுக்கு மீன் தலை என்றால் உயிர். தோள் நோவது மட்டும் ஆகாது. நோகாமல் நுங்கு தின்ன அவன் ஒரு வழி கண்டுபிடித்தான்.

மற்றவர்களைப் போலவே அவனும் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொள்வான். மற்றவர்களைப் போலவே மூங்கிலுக்கு அடியில் நிற்பான். ஆனால் முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்கொள்வான். மூங்கிலுக்கும் அவன் தோளுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும். சுமை வராத குறையை வாயால் ஈடுகட்டுவான். வீடு எழும்போது "ம்ம்ம்ம்" என்பான். திருப்பத்தில் "ஆத்தாடி" என்பான். இறக்கும்போது "உயிர் போச்சே" என்பான். என்ன குரல், என்ன உருக்கம். கேட்டவர்கள் பாதி வீட்டை இவன்தான் சுமக்கிறான் என்று நம்பினார்கள். சுமக்கிறவன் தன் காலடியைப் பார்த்து நடப்பானே தவிர அடுத்தவன் தோளையா பார்ப்பான்?

வலைக்காரன் வீட்டைத் தூக்கினார்கள். லா தம்மா மூன்று முறை முனகினான். மீன் தலை அவனுக்கு வந்தது.

தச்சன் வீட்டைத் தூக்கினார்கள். லா தம்மா மூன்று முறை முனகினான். மீன் தலை அவனுக்கே வந்தது.

தலையைத் தின்பதோடு நின்றானா? அதுதான் இல்லை. எருமை மேய்க்கும் லா சக்கா என்று ஒருவன் இருந்தான். மலை போல ஆள், வாயைத் திறக்க மாட்டான். எந்த வீட்டைத் தூக்கினாலும் கனம் மிகுந்த மூலை அவன் தோளில்தான் இருக்கும். அவன் இலையில் எப்போதும் மீன் வால்தான் விழும். தச்சன் வீட்டுச் சாப்பாட்டில், தலையை உறிஞ்சிக்கொண்டே லா தம்மா அவனைக் கேட்டான்: "ஏண்டா சக்கா, உன் பக்கம் ஒரு சத்தத்தையும் காணோமே. தூக்குனியா, சும்மா தொட்டுக்கிட்டு வந்தியா?"

எல்லாரும் சிரித்தார்கள். லா சக்கா வாலைத் தின்றான். பரிமாறிக்கொண்டிருந்த சென்னிங் மட்டும் சிரிக்கவில்லை.

சென்னிங் புருஷனை இழந்தவள். ஊர் விருந்துக்கெல்லாம் அவள்தான் சமையல். பரிமாறுகிறவள் கண்ணுக்கு இலை மட்டுமா தெரியும்? எல்லார் துண்டும் நசுங்கி, கசங்கி, வேர்வையில் ஊறிக் கிடந்தது. லா தம்மாவின் துண்டு மட்டும் பெட்டியிலிருந்து எடுத்த மடிப்புக் கலையாமல் இருந்தது. அவள் அதை மனதில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் அவள் வீட்டையே மேட்டுக்கு மாற்ற வேண்டி வந்தது. முதல் நாளே அவள் சோற்றுப்பானையின் அடிக்கரியைச் சுரண்டினாள். தேங்காயெண்ணெயில் குழைத்தாள். கட்டியிருந்த மூங்கில் அத்தனையிலும் அடிப்பக்கமாகப் பூசினாள்.

மறுநாள் வீடு எழுந்தது, நடந்தது, மேட்டில் இறங்கியது. மூன்று முனகலும் அந்தந்த இடத்தில் கேட்டன. வெளியே வந்தவர்களைப் பார்த்தால் ஐம்பத்தொன்பது தோளிலும் கரி. லா தம்மாவின் துண்டு மட்டும் கொக்கு வெள்ளை.

அவன் சும்மா இருந்திருக்கலாம். "என்னப்பா, எல்லாரும் அடுப்புக்குள்ள புரண்டு எந்திரிச்சு வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டது என்று நினைக்குமாம்.

மீன் தலையைச் சென்னிங் அவனுக்கே வைத்தாள். மறுநாள் ஆற்றில் துணி துவைக்கும்போது பெண்களிடம் சொன்னாள். பெண்கள் வீட்டில் சொன்னார்கள். இரண்டே நாளில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. தெரியாதவன் லா தம்மா ஒருவன்தான்.

அந்த வருஷம் மழை கொட்டியது. ஆறு கரையைக் கடித்துக் கடித்து லா தம்மாவின் வீட்டுப் பின்படி வரைக்கும் வந்தது. அப்பன் கட்டிய வீடு. அது போனால் அவனுக்கும் அவன் மனைவி பெச்சேவுக்கும் தலைக்குமேல் ஒரு ஓலை கிடையாது.

"பரண்ல இருக்கிற நெல்லையாவது இறக்கி வைப்போம்" என்றாள் பெச்சே.

"நாமளா தூக்கப் போறோம்?" என்றான் லா தம்மா. நெல் பரணிலேயே இருந்தது.

சொன்ன நாளில் ஊர் முழுவதும் வந்து நின்றது. சென்னிங் முந்தின நாளே வந்து, லா தம்மா கண்ணில் படாமல் மூங்கிலுக்குக் கரி பூசிவிட்டாள். அறுபதில் ஒருவன் குறைந்தான், வீட்டுக்காரன். அவன் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றான்.

தலைவர், "ஒண்ணு, ரெண்டு, தூக்கு" என்றார்.

"ம்ம்ம்ம்" என்றன ஐம்பத்தொன்பது தொண்டைகள். வீடு அசையவில்லை.

"ஒண்ணு, ரெண்டு, தூக்கு."

"ஆத்தாடி" என்றார்கள் எல்லாரும், ராகம் கூடப் பிசகாமல். வீடு அசையவில்லை. கரை சரிந்து பின்படி ஆற்றோடு போனது.

"ஒண்ணு, ரெண்டு, தூக்கு."

"உயிர் போச்சே" என்று அலறினார்கள். லா சக்காகூட வாயைத் திறந்தான். பரணில் ஒரு நெல்மணி உருளவில்லை.

சென்னிங் கஞ்சிப் பானையோடு வந்து நின்றாள். "என்ன தம்மா அண்ணே, இந்த முனகலுக்கு உங்க வீடு இந்நேரம் மலை உச்சிக்கே போயிருக்கணுமே" என்றாள்.

லா தம்மா குனிந்து பார்த்தான். ஐம்பத்தொன்பது துண்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒவ்வொரு தோளுக்கும் மூங்கிலுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. அவன் வருஷக்கணக்காகக் குடியிருந்த இடைவெளி அது. அவமானத்தில் அவனுக்குக் காது மடல் எரிந்தது. பின்னால் ஆறு இன்னொரு வாய் மண்ணைத் தின்றது. பெச்சே ஓசையில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

அவன் துண்டை எடுத்து வீசிவிட்டு அடியில் புகுந்தான். லா சக்காவின் பக்கத்தில், கனத்த மூலையில் போய் நின்றான். பழக்கதோஷம், முழங்கால் தானாக மடங்கியது.

லா சக்கா அவனைப் பார்த்தான். "ஒரு விரல் மேல வா" என்றான்.

லா தம்மா ஒரு விரல் மேலே வந்தான். ஐம்பத்தொன்பது பேரும் ஒரு விரல் மேலே வந்தார்கள். தலைவர் மூன்றாவது வார்த்தையைச் சொல்லுமுன் வீடு எழுந்தது.

அப்போதுதான் அவன் தோளில் வீடு என்பது முதல் முறையாக இறங்கியது. இறக்காமல் விட்ட நெல்லும் சேர்ந்து இறங்கியது. முனகலாம் என்று வாயைத் திறந்தான். காற்று வந்தது, குரல் வரவில்லை. திருப்பத்தில் ஒருமுறை முயன்றான், வரவில்லை. மேட்டில் இறக்கும்போது முயன்றான், அப்போதும் வரவில்லை. அன்றைக்குச் சாலோபடாவில் காலடிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தபோது வீடு நின்ற இடத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டில் மீன் தலையைப் பெச்சே லா சக்காவின் இலையில் வைத்தாள். வாலைத் தன் புருஷனுக்கு வைத்தாள். அவன் அதைத் தின்றான்.

திருந்திவிட்டான் என்று உடனே நம்பிவிடாதீர்கள். ஏழு நாள் குளிக்காமல், தோளைத் திறந்து போட்டுக்கொண்டு, அந்தக் கரியைத் தெருத்தெருவாகக் காட்டிக்கொண்டு திரிந்தான். எட்டாம் நாள் பெச்சேதான் ஆற்றுக்கு இழுத்துப் போய்த் தேய்த்துவிட்டாள். ஆனாலும் அதன்பிறகு எந்த வீட்டுக்கு அடியிலும் முனகல் கேட்டதில்லை.

இந்தக் கதையை எந்தச் சபையில் சொன்னாலும் எல்லாரும் பக்கத்தில் இருப்பவன் தோளைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். தன் தோளைப் பார்த்துக்கொண்டவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. நீங்களாவது கேட்டுக்கொள்ளுங்கள்: உண்மையாகச் சுமக்கிறவனுக்கு முனக மூச்சு மிஞ்சுவதில்லை.