ஜவ்வாது மணத்த வாள்

ரொம்ப காலத்துக்கு முந்தி வேங்கைச் சீமையைச் சுந்தரபூபதி என்றொரு ராஜா ஆண்டார். ஆண்டார் என்று பேர்தான். பாதிச் சீமை அவருடைய சொந்தத் தம்பியோடு சேர்ந்து கலகம் பண்ணியது. எந்தப் பக்கம் செத்தாலும் செத்தவன் அந்தச் சீமைக்காரன்தான்.

தம்பியிடம் கொல்லன் கிடையாது, இரும்பு கிடையாது. ஆனாலும் கலகக்காரன் ஒவ்வொருவன் கையிலும் பளபளவென்று புது வாள்!

"எங்கேயிருந்து கிடைக்குது இவனுகளுக்கு?" என்று சபையில் கத்தினார் ராஜா.

தளவாய் கோனப்பன் முந்திக்கொண்டான். "கப்பலில் வருது மகாராஜா. மந்திரிக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகுது?"

"நம்ம சீமையில் கடலே இல்லையே, தளவாயாரே" என்றார் மந்திரி அழகாத்திரி.

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தார். "அப்படியானால் நீரே கண்டுபிடியும். ஒரு மாசம் தர்றேன். கண்டுபிடித்தால் கேட்டதைத் தருவேன்."

அழகாத்திரிக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது. ஒரே மகன் செவ்வேள். அடுத்த படைக்கு அவன் பேரை எழுதியாகிவிட்டது.

பிடிபட்ட வாள்களைப் புரட்டிப் பார்த்தார். பிடியில் சுற்றிய கயிற்றின் இடுக்கில் ஈரச் செம்மண். அவருக்குப் பொறிதட்டியது. போரில் செத்த வீரனோடு புது வாள் ஒன்றையும் வைத்துப் புதைக்க வேண்டும் என்பது தளவாய் கொண்டுவந்த ஏற்பாடு. அதற்காக ஒரு கிராமத்தையே மானியமாக வாங்கியிருந்தான். அடுத்துப் புதைத்த வாள்களின் கயிற்றுக்குள் ரகசியமாக ஜவ்வாதை அப்பிவைத்தார் மந்திரி.

மாசக் கடைசியில் பிடிபட்ட வாள்கள் சபைக்கு வந்தன.

"மோந்து பாருங்கள், மகாராஜா."

"அட, ஜவ்வாது! குளிக்கத் தண்ணியில்லாமல் காட்டில் கிடக்கிறவனுக்கு ஜவ்வாது ஒரு கேடா?"

"நான் தடவினது மகாராஜா. நாம் புதைக்கிறோம், அவர்கள் தோண்டி எடுக்கிறார்கள். நம் ஆட்கள் எத்தனை பேர் சாகிறார்களோ, அத்தனை வாள் அவர்களுக்கு."

ராஜா குதித்தார். கோனப்பனை நடுச்சபையில் நிறுத்தி வாள்களை ஒவ்வொன்றாக மோந்து பார்க்கவைத்தார். மானியத்தையும் பிடுங்கினார். "இனி எந்தக் குழியிலும் வாள் வைக்கக்கூடாது! மந்திரி, உமக்கு என்ன வேணும்?"

"என் மகனைப் படையிலிருந்து விட்டுவிடுங்கள்."

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தார். "என்னய்யா நீர்! எதிரிக்கு இனி வாளே கிடைக்காது. ஜெயிக்கப்போகிற நேரத்தில் பிள்ளையை யாராவது வீட்டில் பூட்டுவாரா? படைக்கு முன்னால் போகப்போறவன் அவன்தான். இந்தாரும், என் சொந்த வாளையே கொடுக்கிறேன்!"

அடப் பாவி ராஜா! கேட்டதைத் தருவேன் என்று சொன்ன வாய்தானே அது! தன் புத்தியே பிள்ளையை அனுப்பிவிட்டதே என்று நொந்தபடி அழகாத்திரி அந்த வாளை வாங்கிக்கொண்டார்.

பத்தாம் நாள் செவ்வேளைத் தூக்கிவந்தார்கள். வெறுங்கையோடு புதைத்தார்கள். அப்பன் வாங்கித்தந்த சட்டமாயிற்றே.

அடுத்த வாரம் ஒரு கலகக்காரன் பிடிபட்டான். அவனிடமிருந்த வாளைப் பார்த்ததும் ராஜா எழுந்து நின்றுவிட்டார். சிங்கத்தலைப் பிடி. அவருடைய வாள்.

"குழியில்தான் வாள் வைக்கவில்லையே! இது எப்படி இவனுக்குக் கிடைத்தது?"

இந்தத் தடவை மோந்து பார்க்க யாரும் வரவில்லை.

"என் மகன் கையிலிருந்து, மகாராஜா" என்றார் அழகாத்திரி.

ராஜா தலையைக் குனிந்துகொண்டார். குனிந்த தலையை நிமிர்த்தாமலே, அடுத்த படைக்குப் பேர் எழுதச் சொன்னார்.