சாண்ட்விச்சுக்குப் பாரமான ஆமை

ஆறு கடலில் சேரும் இடத்தில், காட்டோரமாக, ஆழமான மடு ஒன்று இருந்தது. அது நீர்நாயின் மடு. தன் குளம் கோடையில் வற்றிப்போனதால் ஓர் ஆமை அங்கே ஒண்ட வந்திருந்தது. சும்மா யாரையும் வைத்துக்கொள்ள முடியாது, ஏதாவது உபயோகமாக இருக்க வேண்டும் என்று நீர்நாய் முதல் நாளே சொல்லிவிட்டது. ஆமையால் மீன் பிடிக்க முடியாது, மரம் ஏறவும் முடியாது. எப்போது கிளம்பச் சொல்வார்களோ என்று அது பயந்தபடியே இருந்தது.

அப்போது ஒரு பூனை வந்து சேர்ந்தது. கப்பலில் எலி பிடித்துக்கொண்டு மத்தியதரைக் கடல்வரை போய்வந்த பூனை. அங்கே சூரை மீனில் செய்கிற சாண்ட்விச்சைப் பற்றி அது பேசப் பேச, நீர்நாய்க்கு எச்சில் ஊறியது.

நீர்நாய் சூரை பிடித்து வந்தது. மடுவோர மரத்தில் குடியிருந்த காகம் மீனவர் குடிசைகளிலிருந்து வட்ட ரொட்டியும் தக்காளியும் வெங்காயமும் எலுமிச்சையும் தூக்கி வந்தது. பூனை மீனைக் கனலில் சுட்டு, முள் நீக்கி உதிர்த்தது. ரொட்டியைப் பிளந்து, கப்பலிலிருந்து கொண்டுவந்த ஆலிவ் எண்ணெயைத் தாராளமாக ஊற்றியது. எல்லாவற்றையும் அடுக்கி மூடி, ஓர் இலைமேல் வைத்தது.

நீர்நாய் கை நீட்டியதும் பூனை தடுத்தது. மேலே பாரம் ஏற்றி வைத்தால்தான் எண்ணெயும் சாறும் ரொட்டியில் இறங்குமாம்.

ஒரு கல்லை வைக்கலாமே என்றது காகம்.

"எறும்பு வந்தால் கல் வாய் திறந்து சொல்லுமா? நம் ஆமையார் இருக்கிறாரே. பாரத்துக்குப் பாரம், காவலுக்குக் காவல்" என்றது பூனை.

தனக்கும் ஒரு வேலை கிடைத்ததே என்று ஆமை பூரித்துப்போய் ஏறி அமர்ந்தது.

"தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் பாரம் சாய்ந்துவிடும். மெல்ல மெல்லக் கீழே இறங்குவீர். அப்படி இறங்கினால் நன்றாக ஊறுகிறது என்று அர்த்தம்" என்றது பூனை.

நீர்நாயும் காகமும் குளிக்கப் போயின. பூனை மட்டும் அங்கேயே இருந்தது. ஓட்டுக்குள் ஒரே இருட்டு. எலுமிச்சை மணம் மட்டும் வந்தது. ஆமை கொஞ்சம் இறங்கியது. பிறகு இன்னும் கொஞ்சம். தன்னைப்போல் ஊறவைக்க யாரால் முடியும் என்று அது மகிழ்ந்துகொண்டிருந்தபோதே, வயிறு இலையில் முட்டியது.

திரும்பி வந்தவர்கள் ஆமையைத் தூக்கிப் பார்த்தார்கள். இலையில் எண்ணெய்க் கறைதான் இருந்தது.

"காவலே தின்றுவிட்டதே. வயிற்றில் எண்ணெயைப் பாருங்கள்" என்றது பூனை.

ஆமை நடந்ததையெல்லாம் தட்டுத் தடுமாறிச் சொன்னது. பிறகு அதன் கண்ணில் ஒன்று பட்டது. "அதோ, பூனையின் மீசையில் தக்காளி விதை!"

காகம் பார்த்தது. நீர்நாயும் பார்த்தது. பூனை நிதானமாக மீசையைத் துடைத்துக்கொண்டது. புட்டியில் பாதி எண்ணெய் மிச்சம் இருக்கிறது, நாளை இதைவிடப் பெரிதாகச் செய்யலாம் என்றது.

நீர்நாய் ஆமையின் பக்கம் திரும்பியது. "கிளம்பு."

"நீங்களே கண்ணால் பார்த்தீர்களே, ஐயா."

"பார்த்தேன். உனக்குச் சாண்ட்விச் செய்யத் தெரியுமா?"

ஆமைக்குத் தெரியாது. சுடுமணலில் அது நடக்கத் தொடங்கியது. நாளைக்கு இரண்டு சூரை போதுமா என்று நீர்நாய் பூனையிடம் கேட்பது பின்னாலிருந்து காதில் விழுந்தது.

தனக்கு வேண்டியவன் செய்த குற்றத்தைக் கண்ணால் கண்டாலும் உலகம் காணாததுபோல் இருக்கும். வேண்டாதவன் தலையில்தான் பழி வந்து விழும்.