கஸ்பார் அண்ணாச்சி வண்டி பார்க்கப் போனது

“ஆசானே, இந்தத் தடவையும் ஏமாந்தேன்னா ஊருக்குள்ள தலைகாட்ட முடியாது. பழைய எஞ்சினை எப்படிப் பார்த்து வாங்கணும்? அதை மட்டும் சொல்லிக் குடுங்க.”

கேட்டவர் கஸ்பார் அண்ணாச்சி. ஐம்பது வயசு. அந்த வயசில் மனுசனுக்குச் சுகர் வரும், பிரஷர் வரும். இவருக்கு வாட்டர் ஸ்கூட்டர் மேல் ஆசை வந்தது. மணப்பாட்டுக் கடலில் அலைமேல் பறக்கணும். ஊர் பார்க்க வருகிறவர்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று சுற்றி வரணும். அவ்வளவுதான் கேட்டார் மனுசன்.

போன வருஷம் ஒன்று வாங்கத்தான் செய்தார். மூன்று மாசம்கூட ஓடவில்லை, நடுக்கடலில் நின்றுபோனது. வள்ளத்தில் கட்டி இழுத்து வந்தார்கள். கரையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “வித்தவன் ஓட்டை எஞ்சினை என் தலையில கட்டிட்டான்” என்று அன்றைக்கு ஆரம்பித்தவர்தான். டீக்கடையில் சொன்னார், கல்யாண வீட்டில் சொன்னார், சாவு வீட்டில்கூடச் சொன்னார்.

ஆசான் என்றதும் தாடியும் காவியும் தேட வேண்டாம். டெல்மா என்று பெயர். கஸ்பாரைவிடப் பத்து வயசு இளையவர், படகு எஞ்சின் பட்டறை வைத்திருக்கிறார். வேலை கற்றுக்கொள்ள வந்தவர்கள் ஆசானே என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே நிலைத்துவிட்டது. பேச்சு ரொம்பக் குறைச்சல்.

“முதல்ல தொட்டுப் பாருங்க, அண்ணாச்சி,” என்றார் டெல்மா.

“எதை?”

“எஞ்சினை. சூடா இருந்தா திரும்பி வந்துருங்க.”

“சூடா இருந்தா என்னவாம்?”

“நீங்க வரதுக்கு முன்னாடியே ஓட்டி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். ஆறிக் கிடக்கிற எஞ்சின்தான் உள்ளதைச் சொல்லும்.”

கஸ்பாருக்கு அது பிடித்துப்போனது. மழைக்காலம் முழுக்கப் பட்டறையே கதியென்று கிடந்தார். பிளக்கைக் கழற்றி அதன் நிறம் பார்க்கப் படித்தார். ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று படித்தார். மீட்டரை வைத்துச் சிலிண்டருக்குள் இருக்கிற அழுத்தத்தை, கம்ப்ரஷனை, பார்க்கப் படித்தார். வீட்டில் பெண்டாட்டியின் மிக்ஸியையும் விடவில்லை.

அப்போதுதான் அதே ஊர் ரெக்ஸ்லினின் வாட்டர் ஸ்கூட்டர் விலைக்கு வந்தது. ரெக்ஸ்லின் குடும்பத்தோடு மஸ்கட் போகிறான். நீல நிற வண்டி. கஸ்பார் அதைக் கண்ணால் தின்றுகொண்டே எத்தனையோ சாயங்காலம் கரையில் நின்றிருக்கிறார். கன்னியாகுமரியில் இருந்து ஒரு பார்ட்டி அன்றைக்குச் சாயங்காலமே பார்க்க வருகிறதாம்.

கஸ்பார் ஆசானையும் கூட்டிக்கொண்டு காலையிலேயே போய் நின்றார்.

“யாருக்கு வேணும்னாலும் குடுத்துட்டுப் போயிரலாம், அண்ணாச்சி. மனசு கேட்கலை. நல்லா வெச்சுக்கிற கைக்குப் போகணும்,” என்றான் ரெக்ஸ்லின்.

“என் கையை விடவா?” என்றார் கஸ்பார்.

தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. பிளக் பார்த்தார், ஆயில் பார்த்தார். கம்ப்ரஷன் எல்லா சிலிண்டரிலும் ஒரே மாதிரி காட்டியது. கஸ்பாருக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நல்ல எஞ்சினை அவர் வாழ்நாளில் தொட்டதில்லை.

“ஆசானே, முடிச்சிரவா?”

டெல்மா சுவரோரம் கிடந்த ரப்பர் குழாயை எடுத்தார். ஒரு முனையைத் தண்ணீர்ப் பைப்பில் மாட்டினார். மறு முனையைக் கஸ்பாரிடம் நீட்டினார்.

“கழுவிக் காட்டுங்க.”

உப்புத் தண்ணீரில் ஓடி வருகிற வண்டியின் எஞ்சினுக்கு, கரைக்கு வந்ததும் உள்வழியாக நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் உப்பு தின்றுவிடும். வாட்டர் ஸ்கூட்டர் வைத்திருக்கிற யாருக்கும் இது தெரியும். கஸ்பாருக்குத் தெரியாதா? குழாயை வண்டியில் சொருகினார். கம்பீரமாக நடந்துபோய்ப் பைப்பைத் திறந்தார்.

டெல்மாவின் கை வந்து பைப்பை அடைத்தது. ரெக்ஸ்லின் முகம் சுண்டிப்போயிருந்தது.

“ஏன் அடைச்சீங்க?”

“எஞ்சின் ஓடுதா, அண்ணாச்சி?”

“இல்ல. தண்ணியைத் திறந்துட்டு இனிமேதான் ஸ்டார்ட் பண்ணணும்.”

“ஓடுற எஞ்சின்னா புகை தண்ணியை வெளிய தள்ளிரும். ஓடாத எஞ்சின்ல விட்ட தண்ணி எங்க போகும்?”

கஸ்பார் வாயைத் திறந்தார். மழைக்காலம் முழுக்க எஞ்சினைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தவர் ஆயிற்றே, வழி முழுக்கக் கண்ணுக்குத் தெரிந்தது.

“திரும்ப எஞ்சினுக்குள்ளேயே போயிரும்.”

“போன வருஷத்து வண்டியைக் கழுவுனீங்களா?”

“என்ன இப்படிக் கேட்டுட்டீங்க? ஒரு நாள் விட்டதில்ல.”

“எப்படிக் கழுவுனீங்க?”

கஸ்பார் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

“வண்டி வித்த அந்தப் பாவியை, இல்ல, அந்த நல்ல மனுசனை என்ன பேச்செல்லாம் பேசிட்டேன்,” என்றார். “இதை ஏன் எனக்கு நீங்க சொல்லித் தரல?”

“வாங்குறதைப் பத்தி மட்டும்தானே கேட்டீங்க.”

கஸ்பாருக்கு வெட்கமாக இருந்தது. அதோடு ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்த எரிச்சல் எங்கே போனது என்றும் தெரியவில்லை. தன்னை நினைத்து அவருக்கே சிரிப்பு வந்தது. வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

முதலில் எஞ்சினை ஸ்டார்ட் செய்தார். அப்புறம் பைப்பைத் திறந்தார். தண்ணீர் பின்பக்கமாகக் குபுகுபுவென்று வந்தது.

“நிறுத்தும்போது?” என்றார் டெல்மா.

கஸ்பார் அவசரப்படவில்லை. யோசித்தார். முதலில் தண்ணீரை அடைத்தார். எஞ்சினை இரண்டு முறை உறுமவிட்டு மிச்சத்தை வெளியேற்றினார். அப்புறம்தான் நிறுத்தினார். ரெக்ஸ்லின் போனை எடுத்துக் கன்னியாகுமரிப் பார்ட்டியை வர வேண்டாம் என்றான்.

“இப்பச் சொல்லுங்க, அண்ணாச்சி,” என்றார் டெல்மா. “எஞ்சின் எப்படி இருக்கு?”

“நான் ஒரு வருஷம் வெச்சிருந்ததுக்கு அப்புறம் கேளுங்க, ஆசானே.”

“அப்ப வாங்கிக்கோங்க.”