யானைத் திருடி செங்கமலம்

முன்னொரு காலத்தில் வெள்ளரிப்பாளையத்தைக் கார்மேகவர்மன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். ஆண்டார் என்பதெல்லாம் மரியாதைக்கு. காலையில் பல் விளக்கியதும் ஒரு சட்டம் போடுவார்; அதோடு அன்றைய ராஜாங்கம் முடிந்தது. ஒருநாள் அவர் செருப்பு ஒரு காவலாளி வீட்டில் அகப்பட்டது. உடனே, "யார் வீட்டில் களவுபோன பொருள் இருக்கிறதோ அவரே திருடர்! வீட்டைப் பறித்து ஊரைவிட்டுத் துரத்து!" என்று சட்டம் போட்டார். நாய் கவ்விக்கொண்டு போயிருக்கும் என்று சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

அதில் வசமாக மாட்டினாள் பலாப்பழம் விற்கிற செங்கமலம். பட்டத்து யானை பழ வாசனை பிடித்து வந்து, அவள் கொல்லைச் சுவரை இடித்து உள்ளே படுத்துக்கொண்டது. யானைக்குப் பேர் பூங்கொடி. வைத்தவர் ராஜா, வேறென்ன சொல்ல!

ஊர்க்காவல் தலைவர் கொத்தவால் திருமேனிநாதருக்கு அவள் வீட்டின்மேல் வெகுநாளாக ஒரு கண். ஆட்களோடு வந்து யானையை மீட்டார். கிடந்த பழங்களை எல்லாம் 'சாட்சி' என்று வண்டியில் ஏற்றினார். மரத்தில் பிஞ்சுதான் மிச்சம்.

சபையில் ராஜா கேட்டார்: "செங்கமலம், யானையைத் திருடினாயா?"

"கோழியென்றால் கூடையில் கவிழ்க்கலாம், மகாராஜா. இதை எதைப் போட்டு மூடுவேன்?"

"வாயைப் பாருங்கள்!" என்று குதித்தார் கொத்தவால். "பழத்தைக் காட்டி மயக்கினாள், மகாராஜா. சட்டப்படி வீடு பறிமுதல்!"

வீடு போனால் செங்கமலம் எங்கே போவாள்? அப்போதுதான் கொத்தவாலின் கையைப் பார்த்தாள். நீட்டிய விரலோடு பக்கத்து விரலும் ஒட்டிக்கொண்டு வந்தது. பலாப்பால்! எண்ணெய் தடவாமல் உரித்திருக்கிறார், அறிவுகெட்ட மனுஷன். ஆக, சாட்சி அவர் வீட்டு அடுக்களையில் இருக்கிறது.

"மகாராஜா, பூங்கொடியை அவிழ்த்துவிடுங்கள். என் வீட்டுக்கு வந்தால் நானே திருடி, வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வேறு வீட்டுக்குள் போனால்?"

"அந்த வீட்டுக்காரன் திருடன்!" வேடிக்கை என்றால் ராஜாவுக்கு உயிர்.

"மகாராஜா... யானைக்கு ஜலதோஷம்," என்றார் கொத்தவால்.

"அவிழடா!"

பூங்கொடி கிளம்பியது. சபையே பின்னால் ஓடியது. செங்கமலத்தின் தெருவை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே கொத்தவால் வீடு; கதவை முட்டித் தள்ளி அடுக்களைக்குள் புகுந்தது.

கொத்தவாலின் மனைவி அலறிக்கொண்டு வந்தாள். "ஏங்க! சாட்சி சாட்சின்னு பிள்ளைங்க தின்னு வயித்து வலியில கிடக்குது. இப்ப யானையையும் சாப்பிடக் கூட்டிட்டு வந்தீங்களா?"

"கொத்தவாலரே, யானை யார் வீட்டில் இருக்கிறது?" என்றார் ராஜா.

"அது தானாக வந்தது, மகாராஜா!"

"அதைத்தானே நானும் காலையிலிருந்து சொல்கிறேன்!" என்றாள் செங்கமலம்.

ராஜா கிரீடம் கழன்று விழும்வரை சிரித்தார். சட்டத்தை அங்கேயே ரத்து செய்தார். இடிந்த சுவரைக் கொத்தவால் தன் கையாலேயே மண் குழைத்துக் கட்ட வேண்டும். இனித் திருட்டு வழக்கு எதுவானாலும் செங்கமலத்தைக் கேட்டே தீர்ப்பு என்றும் சொல்லிவிட்டார்.

பூங்கொடிதான் அடுக்களையை விட்டு அசையவில்லை. "அதற்கு மனசு வரும்வரை இருக்கட்டும். தீனி உம் செலவு!" என்று சொல்லி ராஜா அரண்மனைக்குப் போனார்.

அதற்கப்புறம் செங்கமலத்திடம் அதிகமாகப் பழம் வாங்கியவர் கொத்தவால்தான். பேரம்கூடப் பேசுவதில்லை.